ராக்கெட் தாக்குதல் ஓயாத நகரில் வீட்டை ஆயத்தப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போர் மாதக்கணக்கில் நீண்டு, ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் குடியிருப்புகளின்மேல் வந்து விழுகின்ற ஒரு நகரில் தங்கியிருக்க நேர்ந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வெளியேற வழி இருந்தால் அதுவே முதல் தெரிவு. வேலை, படிப்பு, படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவற்றால் வெளியேற முடியாதவர்களுக்கே கீழே உள்ளவை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஆயத்தம் சொல்லிக் கொடுக்கும்போது ஒரே தடுமாற்றம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அவர்கள் அவசரகாலப் பையை நிரப்புவதிலிருந்து தொடங்குகிறார்கள். பை முழுமையாக இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது, ஓடிச் சேர எத்தனை நொடி உண்டு என்பது மட்டும் தெரியவில்லை. சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் நொடிகளை அறிய வேண்டும். நொடிகள்தான் இடத்தைத் தீர்மானிக்கும். இடம்தான் வழியைத் தீர்மானிக்கும். பை கடைசியில் வரும். ஆகவே கீழ்க்கண்ட படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்குமுன் விசாரித்து வைக்க வேண்டியவை

கட்டடத்தில் நிலவறை உண்டா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் அது பூட்டப்படுகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் கூட்டமாக நிற்பது வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பதைவிட ஆபத்தானது.

அரசு வெளியிடும் எச்சரிக்கைச் செயலியைக் கைப்பேசியில் நிறுவுங்கள். உக்ரைனில் அத்தகைய செயலி 2022 மார்ச் முதல் இயங்குகிறது. கைப்பேசி ஒலியடக்க நிலையில் இருந்தாலும் எச்சரிக்கை ஒலிக்கும்படி அனுமதிகளை அமைத்து, ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறிய வானொலியும் தேவை. மின்சாரம் தடைப்பட்டுச் சில மணி நேரம் ஆனால் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடும்.

அவசர எண்களை அந்நாட்டுக்கு உரியபடி எழுதி வையுங்கள். 101 என்பது இஸ்ரேலில் ஆம்புலன்ஸ் எண். உக்ரைனில் அதே எண் தீயணைப்பு மீட்புப் படைக்குச் செல்லும், ஆம்புலன்சுக்கு 103. ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு வந்தவர்கள் பழைய நினைவில் எண்ணை மாற்றி அழைப்பது அரிதல்ல.

2. உங்களுக்கு எத்தனை நொடிகள் என்று கண்டறியுங்கள்

எச்சரிக்கை நேரம் என்பது அபாயச் சங்கு (சைரன்) ஒலிக்கத் தொடங்கியதற்கும் முதல் ராக்கெட் விழுவதற்கும் இடைப்பட்ட நேரம். ஏவுமிடத்தின் தொலைவும் ஆயுதத்தின் வேகமுமே அதைத் தீர்மானிக்கின்றன. காசா எல்லையை ஒட்டிய ஸ்தெரோத்துக்கு 15 நொடி, டெல் அவீவுக்கு 90 நொடி என இஸ்ரேலின் குடிமக்கள் பாதுகாப்புக் கட்டளையகம் காசாவிலிருந்து வரும் ராக்கெட்டுகளுக்குக் கணக்கிட்டிருந்தது. உக்ரைனின் கார்கிவ் நகரம் ரஷ்ய எல்லையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருப்பதால், அங்கே வெடியோசை முதலில் கேட்டு, சங்கு அதன் பின்னரே ஒலித்த நேரங்கள் பல. காசாவிலோ மக்களை எச்சரிக்கும் சங்கு அமைப்பே கிடையாது.

ஒரே நகருக்குப் பல ஆயுதங்கள் எட்டக்கூடும். தொலைவிலிருந்து வரும் ட்ரோனுக்கு ஒரு மணி நேரம்கூட முன்னறிவிப்பு கிடைக்கலாம். அதே இரவில் வரும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கு ஓரிரு நிமிடங்களே கிடைக்கலாம். சங்கின் ஒலி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும் இடங்கள் உண்டு. ஆகவே உங்கள் நகரை எட்டக்கூடியவற்றுள் மிகக் குறைந்த நேரம் தருவது எதுவோ, அதையே உங்கள் கணக்காகக் கொள்ளுங்கள்.

அந்த எண்ணையும் பாதியாக்குங்கள் என்பது என் அறிவுரை. தூக்கத்திலிருந்து விழிப்பதற்கும், விழித்தபின் என்ன நடக்கிறது என்று உணர்வதற்கும், குழந்தையைத் தூக்குவதற்கும் மறுபாதி போய்விடும். 90 நொடி உள்ள நகரில் 45 நொடியில் சேரக்கூடிய இடத்தைத் தேடுங்கள். 15 நொடியோ அதற்கும் குறைவோ என்றால், ஓடிச் சேரும் இடம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, இருக்கும் அறைகளுள் பாதுகாப்பானதில் உறங்கவும் உட்காரவும் பழக வேண்டும்.

3. அந்த நொடிகளுக்குள் எட்டும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. அவசரப்படாமல், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

எதிலிருந்து தப்ப வேண்டும் என்பது தெரிந்தால் இடத்தைத் தேர்வது எளிது. ராக்கெட் நேரடியாக அறையின்மேல் விழுவது ஒரு ஆபத்து. அதைத் தாங்குவதற்கென்றே கட்டிய இடமோ, நல்ல ஆழமோதான் அதற்கு எதிராக உதவும். ஆனால் காயமடைவோரில் பெரும்பாலோர் நேரடித் தாக்கில் அகப்பட்டவர்கள் அல்லர். அருகில் எங்கோ வெடித்ததன் துண்டுச்சிதறல்கள், வெடிப்பால் காற்றில் பாயும் அழுத்தமான அதிர்வலை, நொறுங்கிப் பறக்கும் கண்ணாடி ஆகிய மூன்றும் அவர்களை வந்தடைகின்றன. ஒரு சாதாரண வீட்டுக்குள்ளேயே இந்த மூன்றையும் பெருமளவு குறைக்க முடியும் என்பதால்தான் இடத்தேர்வுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

எட்டும் தூரத்தில் உள்ளவற்றுள் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள்.

பாதுகாப்பு அறை அல்லது பொதுப் பதுங்கிடம். இஸ்ரேலில் 1990களின் தொடக்கத்திலிருந்து கட்டப்படும் வீடுகளில் 'மமாத்' எனப்படும் வலுவூட்டிய கான்கிரீட் அறை சட்டப்படி இருக்க வேண்டும். அது இருந்தால் வேறு தேடல் வேண்டாம். ஆனால் அதன் இரும்புக் கதவும் சன்னலின் இரும்பு மூடியும் முழுமையாக மூடப்பட்டால்தான் அது பாதுகாப்பு அறை. பெட்டிகளால் நிரப்பி, கதவை மூட முடியாத சேமிப்பறையாக அதை மாற்றிவிட்ட வீடுகள் ஏராளம். வாடகைக்கு வந்தவர்கள் முதல் நாளே கதவை முழுதாக மூடித் திறந்து பார்க்க வேண்டும். ஆரஞ்சுப் பின்னணியில் நீல முக்கோணம் இருந்தால் அது 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை வகுத்த குடிமக்கள் பாதுகாப்புச் சின்னம். சில நாடுகளில் பதுங்கிடங்களின் வாயிலில் அதைக் காணலாம்.

சுரங்க ரயில் நிலையம் அல்லது நிலவறை. கீவ், கார்கிவ் நகர மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் இரவுகளைக் கழித்தார்கள். கார்கிவில் 2023 செப்டம்பரிலிருந்து பிள்ளைகளுக்கு வகுப்புகளும் அந்நிலையங்களுக்குள்ளேயே நடந்தன. பாதியாக்கிய உங்கள் நொடிக் கணக்குக்குள் எட்டினால் மட்டுமே இவை உங்களுக்குரியவை. தெருவைக் கடந்து நான்கு நிமிடம் ஓட வேண்டிய ஆழமான நிலையம், 60 நொடி மட்டுமே உள்ளவருக்கு இடமே அல்ல.

உள் மாடிப்படி. பல மாடிக் கட்டடத்தில் வேறு இடம் இல்லையென்றால், வெளிச்சுவரோ சன்னலோ இல்லாத உட்புற மாடிப்படியைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு மேல் குறைந்தது இரண்டு தளங்களாவது இருக்க வேண்டும். கூரையைத் தாக்கும் ராக்கெட்டின் வேகத்தை அவை உறிஞ்சும். தரைத்தளத்து நுழைவுக் கூடமும் கூடாது, ஏனெனில் தெருவில் வெடிப்பதன் அதிர்வலையும் சிதறல்களும் வாயில் வழியே நேராக உள்ளே பாயும். கண்ணாடிச் சுவர் பதித்த மாடிப்படிகளை முற்றிலும் தவிருங்கள்.

இரண்டு சுவர் இடம். உக்ரைனியர் 'இரண்டு சுவர் விதி' என்று சொல்வது இதைத்தான். உங்களுக்கும் தெருவுக்கும் இடையே குறைந்தது இரண்டு சுவர்கள் இருக்க வேண்டும். முதல் சுவர் வெடிப்பை வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து தெறிப்பவற்றை இரண்டாவது சுவர் தடுக்கும். பெரும்பாலான வீடுகளில் சன்னல் இல்லாத நடைபாதையே இப்படிப்பட்ட இடம். மூடிய கதவைச் சுவராக எண்ணிவிடாதீர்கள். மரக் கதவு சிதறலைத் தடுக்காது.

குளியலறை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். சன்னல் இல்லாததால் அது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. ஆனால் சுவர் ஓடுகளும் கண்ணாடியும் பீங்கானும் அதிர்வில் நொறுங்கிக் கத்திபோல் பாயும். நடைபாதை இருக்கும்போது குளியலறைக்குப் போகாதீர்கள். சமையலறையும் இதே காரணத்துக்காகவும், எரிவாயு இருப்பதாலும் விலக்கப்பட வேண்டியது.

4. தேர்ந்தெடுத்த இடத்தைச் செப்பனிடுங்கள்

நிலவறையானால் முதலில் வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். ஒரே வழி என்றால், அதன்மேல் கட்டடம் சரிந்தால் உள்ளே அகப்பட்டுக் கொள்வீர்கள். இரண்டாம் வழியாகப் பயன்படக்கூடிய காற்றுச் சன்னல் இருந்தால், உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் உள்ளேயே இருக்கட்டும்.

அடுத்து குழாய்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளமான இடத்தில் தேங்கும். எனவே சிலிண்டர்களை நிலவறையில் வைக்கவே கூடாது. கொதிகலன், பெரிய நீர்க்குழாய் ஆகியவை செல்லும் அறையையும் தவிருங்கள். குழாய் உடைந்தால் வெந்நீரோ வெள்ளமோ உள்ளே வரும்.

மின்சாரம் இல்லாத குளிர்கால இரவில் நிலவறைக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதும் கரி அடுப்பு மூட்டுவதும் ராக்கெட்டைப் போலவே உயிர் பறிக்கும். அவை வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெப்பத்துக்குக் கம்பளியும் பலர் ஒன்றாக இருப்பதுமே வழி.

வீட்டுக்குள் இருக்கும் இடமானால் முதல் வேலை கண்ணாடி. சன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டிவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் பலர். நாடா கண்ணாடி உடைவதைத் தடுக்காது. துண்டுகள் சிறிது குறைவாகச் சிதறலாம், அவ்வளவே. முழுக் கண்ணாடியையும் மூடும் பாதுகாப்புப் படலம் அதைவிட மேல். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது கட்டிலையும் படிப்பு மேசையையும் சன்னலுக்கு நேராக இல்லாதபடி நகர்த்துவது. அதற்குச் செலவும் இல்லை, இன்று மாலையே செய்து முடிக்கலாம்.

நடைபாதையில் தலைக்குமேல் இருக்கும் பரண், தொங்கும் விளக்கு, சட்டமிட்ட படங்கள், சுவரில் பொருத்தாத அலமாரி அனைத்தையும் அகற்றுங்கள். அருகில் வெடித்த அதிர்ச்சியிலேயே இவை விழும்.

5. கான்கிரீட் கட்டடம் இல்லாத இடத்தில் பதுங்குகுழி

ஓட்டு வீடு, தகரக் கூரை, கூடாரம் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு மண்ணே துணை. தரையில் வெடிக்கும் ராக்கெட்டின் சிதறல்கள் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் விசிறிச் செல்கின்றன; தரைமட்டத்துக்குக் கீழே இருப்பவரை அவற்றுள் பெரும்பகுதி எட்டாது.

குழியை நேராக வெட்டாமல் ஓரிடத்திலாவது செங்கோணத்தில் திருப்புங்கள். ஒரு முனையில் வெடித்தால் அதிர்வலையும் சிதறலும் நேர்க்குழி முழுவதும் பாயும். திருப்பம் அதை உடைக்கும். அகலம் ஒருவர் உட்காரும் அளவுக்கு மேல் வேண்டாம், ஏனெனில் வாய் அகலமாக அகலமாக உள்ளே விழுபவையும் கூடும். வீட்டுச் சுவரையோ மரத்தையோ ஒட்டி வெட்டாதீர்கள். அவை சரிந்து வாயை அடைத்துவிடும்.

கூரை போடுவதில்தான் உயிரிழப்பு நேரும் பிழை நடக்கிறது. ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை முதல் இரண்டு டன் வரை எடையிருக்கும். அரை மீட்டர் கனத்துக்கு மண் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ ஒரு டன்னைச் சுமக்கிறது. பலகையும் தகரமும் அதைத் தாங்கா. நெருக்கமாக அடுக்கிய முழு மரத்தடிகள் வேண்டும். அவற்றின் முனைகள் குழியின் விளிம்புக்கு அப்பால் இரு பக்கமும் நன்றாக நீண்டு உறுதியான தரையில் அமர வேண்டும். மணல் பாங்கான நிலமானால் பக்கச் சுவர்களுக்கும் மண்மூட்டை அல்லது பலகையால் முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே இறங்குங்கள். மழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் விரிசல் பாருங்கள்.

6. வழியை நடந்து பார்த்து நேரம் குறியுங்கள்

இடம் முடிவான பிறகு, வீட்டின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அங்கே நடந்து, கைப்பேசியின் நேரமானியில் நொடிகளைக் குறியுங்கள். படுக்கையில் படுத்த நிலையிலிருந்து ஒருமுறை, குளித்துக்கொண்டிருக்கும் நிலையை எண்ணி ஒருமுறை, விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை. வெளிச்சத்தில் 20 நொடி எடுத்த வழி இருட்டில் இரட்டிப்பாகலாம்.

மின்தூக்கியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மின்சாரம் நின்றால் அது நடுவழியில் உங்களை அடைத்து வைக்கும்.

யார் யாரைத் தூக்குவது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். இது சொல்லப்படாத வீடுகளில் இருவர் ஒரே குழந்தையை நோக்கி ஓடுவதும், பாட்டியை மூன்றாமவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. நடக்க இயலாத ஒருவர் வீட்டில் இருந்தால், அவரை ஒவ்வொரு முறையும் தூக்கிச் செல்லும் திட்டம் நாளடைவில் நின்றுபோகும். அவருடைய கட்டிலையே நடைபாதைக்கோ பாதுகாப்பு அறைக்கோ நிரந்தரமாக மாற்றிவிடுங்கள். காது கேளாதவருக்கு அதிரும் கைக்கடிகாரமோ, உடன் இருப்பவர் தட்டி எழுப்பும் ஏற்பாடோ வேண்டும்.

குழந்தைகளுக்குச் சங்கின் பதிவொலியைப் போட்டுக் காட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டாம். அடுத்த முறை உண்மையா பயிற்சியா என்று அவர்கள் தயங்குவார்கள். ஒரு சொல்லைக் குறிப்பாக வைத்துக்கொண்டு பழக்குங்கள்.

7. பை

பை இரண்டு வகை. ஒன்று பதுங்கும் இடத்திலேயே நிரந்தரமாக இருக்க வேண்டியது: குடிநீர், உலர் உணவு, கைவிளக்கு, கம்பளி, முதலுதவிப் பொருள்கள், ஊதல், மூடியுள்ள வாளி. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 3 லிட்டர் என்று நீரைக் கணக்கிடுங்கள். மற்றது கதவருகே தொங்க வேண்டியது: கடவுச்சீட்டு, அடையாள அட்டை, அன்றாட மருந்துகள், கொஞ்சம் பணம், சேமிப்பு மின்கலம், முக்கிய எண்களை எழுதிய தாள்.

இந்த இரண்டாவது பையைத் தூக்க ஓடும் வழியிலிருந்து ஒரு அடிகூட விலக வேண்டியிருக்கக் கூடாது. விலக வேண்டியிருந்தால் பையின் இடத்தை மாற்றுங்கள்.

கட்டிலுக்கடியில் தடித்த அடியுள்ள காலணி இருக்கட்டும். தாக்குதலுக்குப் பின் வீட்டுத் தரை முழுவதும் கண்ணாடியாக இருக்கும். வெறுங்காலோடு வெளியேறி அறுபட்ட பாதத்துடன் தவிப்போரை மீட்புப் பணியாளர்கள் அதிகம் காண்கிறார்கள்.

8. சங்கு ஒலித்த உடன்

நகருங்கள். என்ன வருகிறது, எங்கே போகிறது என்று கைப்பேசியில் தேடுவது இடத்தைச் சேர்ந்த பிறகு. அடுப்பு கைக்கெட்டும் தொலைவில் எரிந்தால் அணையுங்கள். மற்றபடி எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

சன்னலுக்கும் மாடிக்கும் போய் வானத்தைப் பார்க்கும் ஆவல் வலுவானது. வருகின்ற ராக்கெட்டுகளை வானிலேயே அழிக்கும் இடைமறிப்பு ஏவுகணைகள் வெடிப்பதைப் படம் பிடிக்க மாடியேறுகிறவர்கள், அந்த இடைமறிப்பின் உடைந்த பாகங்கள் தங்கள்மேலேயே விழக்கூடும் என்பதை எண்ணுவதில்லை.

இடத்தைச் சேர்ந்ததும் தரையில், உள்சுவரை ஒட்டி, கதவுக்கும் சன்னலுக்கும் நேராக இல்லாதபடி உட்காருங்கள். அருகில் வெடியோசை கேட்டால் குனிந்து, இரு கைகளாலும் தலையையும் பின்கழுத்தையும் மூடி, வாயைச் சற்றுத் திறந்து வையுங்கள். மூச்சை அடக்காதீர்கள், நிறைந்து மூடிய நுரையீரலை அதிர்வலை எளிதில் காயப்படுத்தும்.

முதல் வெடியோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். 'கிராத்' எனப்படும் பல்குழல் ஏவுவண்டி 122 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள் 40-ஐ ஏறத்தாழ 20 நொடியில் ஏவும். முதல் ஓசைக்குப் பின் வருபவைதான் எண்ணிக்கையில் அதிகம்.

9. தெருவில் அகப்பட்டால்

நொடிகளுக்குள் எட்டும் கட்டடம் இருந்தால் உள்ளே செல்லுங்கள். இல்லையென்றால், சுவர்களுக்கும் கடைக் கண்ணாடிகளுக்கும் விலகி, கிடைத்த பள்ளத்திலோ தெருவோர நடைபாதை விளிம்பின் ஓரத்திலோ குப்புறப் படுத்துத் தலையை மூடுங்கள். நின்றவாறே ஓடிக்கொண்டிருப்பவர்மேல் படும் சிதறல்களில் பெரும்பகுதி, படுத்திருப்பவரின் மேலே கடந்து போய்விடும். பலர் வெட்கப்பட்டுப் படுக்காமல் நிற்கிறார்கள். சேறானாலும் படுங்கள்.

வாகனத்தில் இருந்தால் ஓரமாக நிறுத்தி இறங்கி விலகுங்கள். காரின் தகடு சிதறலைத் தடுக்காது, எரிபொருள் தீப்பிடிக்கும். குழந்தையை இருக்கையிலிருந்து விடுவிக்க எத்தனை நொடி ஆகிறது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

கூட்டமாக நிற்பதை நாள்தோறும் தவிர்ப்பதும் இந்தப் படியில் அடங்கும். உக்ரைனின் செர்னிகிவில் 2022 மார்ச் 16 அன்று ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்களும், அந்நாட்டின் கிரமத்தோர்ஸ்க் ரயில் நிலையத்தில் ஏப்ரல் 8 அன்று வெளியேறக் காத்திருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். வரிசை தவிர்க்க முடியாததானால் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் போங்கள். நிற்குமிடத்திலிருந்து ஓடிச் சேரும் இடத்தை வந்தவுடனே கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்.

10. எப்போது வெளியே வருவது

வெடியோசை நின்றதே வெளியே வரும் அடையாளம் ஆகாது. இடைமறிக்கப்பட்டவற்றின் பாகங்கள் சில நிமிடங்கள் வரை விழுந்துகொண்டிருக்கும். இஸ்ரேலில் குறுந்தூர ராக்கெட்டுகளுக்குப் பத்து நிமிடக் காத்திருப்பு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 2025 ஜூனில் ஈரானிலிருந்து ஏவுகணைகள் வந்தபோது, அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். உங்கள் நகரின் விதியை அறிந்து அதையே பின்பற்றுங்கள். விதியே இல்லாத இடத்தில் கடைசி ஓசையிலிருந்து பத்து நிமிடமாவது எண்ணுங்கள்.

வெளியே வந்ததும் விழுந்த இடத்தைப் பார்க்கப் போகாதீர்கள். உதவிக்குக் கூடியவர்கள்மேல் அதே இடத்தில் இரண்டாம் முறை தாக்குவது உக்ரைனில் பலமுறை நடந்திருக்கிறது. விழுந்த இடத்தின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது ஏவியவருக்குக் குறி திருத்தக் கைகொடுக்கும். உக்ரைனில் 2022 மார்ச்சிலிருந்து சில வகைப் பதிவுகள் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

11. காயமும் இடிபாடும்

உங்கள் பக்கத்திலேயே காயம் நேர்ந்திருந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய நிமிடங்கள் உங்களுடையவை. பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். ஆகவே குருதிப்போக்கை நிறுத்துவது முதல் வேலை.

காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். எட்டிப் பார்க்கக் கையை எடுக்காதீர்கள். கை கால்களிலிருந்து இரத்தம் பீறிட்டால் இரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாதபடி கட்டி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியால் துடிப்பார், தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தைக் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள். உடலில் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்கக் கூடாது. அதுவே அந்த நேரத்தில் இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

வெளிக்காயம் இல்லாமலேயே ஒருவருக்குக் காது கேட்காமலிருந்தாலோ, மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அதிர்வலையால் நுரையீரலில் ஏற்படும் காயம் சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம்.

இடிபாட்டில் கை கால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கியிருப்பவரை நீங்களாகத் திடீரென்று விடுவிக்காதீர்கள். நசுங்கிய தசையில் தேங்கிய பொருள்கள் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்தால் இதயம் நின்றுவிடக்கூடும். மருத்துவர் வரும்வரை பேசிக்கொண்டிருங்கள்.

நீங்களே உள்ளே அகப்பட்டால் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, குழாயிலோ சுவரிலோ இடைவெளி விட்டு மும்மூன்று முறை தட்டுங்கள். ஊதல் இருந்தால் ஊதுங்கள். ஓயாமல் கத்தினால் தூசியும் களைப்பும்தான் மிஞ்சும். தீக்குச்சி உரசவே கூடாது, எரிவாயு கசிந்திருக்கலாம்.

12. வெடிக்காமல் கிடப்பவை

சாலையில் குத்தி நிற்கும் ராக்கெட்டின் வால்பகுதி வெறும் இரும்பாகத் தோன்றும். அது கொத்துக் குண்டுகளைச் சுமந்து வந்ததாக இருக்கலாம். 300 மில்லிமீட்டர் 'ஸ்மெர்ச்' ராக்கெட்டின் ஒரு வகை 72 சிறுகுண்டுகளைக் கொட்டும். வால் ஓரிடத்தில் நிற்க, வெடிக்காத சிறுகுண்டுகள் புல்லிலும் கூரையிலும் சாக்கடையிலும் கிடக்கும். வந்த வழியிலேயே திரும்பி, மற்றவர்களையும் தடுத்து, தொலைவில் சென்றபின் தொலைபேசியில் தெரிவியுங்கள். இடத்தை அடையாளமிடக் கிட்டே போகாதீர்கள்.

குழந்தைகளிடம் தனியாகச் சொல்ல வேண்டிய படி இது. சிறுகுண்டுகள் பந்தைப்போலவும் டப்பாவைப்போலவும் இருப்பதால் அவர்களே முதலில் எடுக்கிறார்கள். 'தரையில் கிடக்கும் எதையும் தொடாதே, என்னிடம் வந்து சொல்' என்பதோடு, வந்து சொன்னால் திட்ட மாட்டோம் என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

13. மாதங்கள் நீளும்போது

ஆயத்தம் தளர்வது அச்சம் குறைவதால் மட்டுமல்ல, தூக்கமின்மையாலும்தான். ஓர் இரவில் மூன்று முறை எழுந்தவர் நான்காம் சங்குக்குப் படுத்தே இருக்கிறார். இதை மனவுறுதியால் சரிசெய்ய முயல வேண்டாம். எழவே தேவையில்லாதபடி உறங்குமிடத்தை மாற்றுங்கள். நடைபாதையில் மெத்தை விரித்து வாரக்கணக்கில் உறங்குவது வசதிக்குறைவுதான், ஆனால் சங்கு ஒலிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே இடத்தில் இருப்பீர்கள்.

பலர் சேர்ந்து வாழும் வீட்டில் இரவை முறை போட்டுப் பகிருங்கள். ஒருவர் எச்சரிக்கையைக் கவனிக்க மற்றவர்கள் உறங்கலாம். குழந்தைகள் படுக்கை நனைப்பதும், ஓசைக்கு அதிர்வதும், பேச்சு குறைவதும் இந்நிலையில் எதிர்பார்க்கத்தக்கவை, தண்டிக்க வேண்டாம். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை நீரை மாற்றுங்கள், மருந்துகளின் காலாவதி பாருங்கள், மின்கலங்களை மின்னேற்றுங்கள், நிலவறைச் சாவி இன்னும் அதே ஆளிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் புதிதாக ஒருவர் தங்க வந்தாலோ, ஒருவருக்குக் கால் முறிந்தாலோ, போர்முனை நகர்ந்து எச்சரிக்கை நேரம் குறைந்தாலோ, இரண்டாம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். விருந்தாளி வந்தால் அவர் பையை இறக்கி வைக்குமுன் நடைபாதையைக் காட்டி, எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.